மலையில் மனைவிக்கு ஒரு சைக்கிள்: முதலில் பிரேக், அப்புறம் சீட்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலை மாற்றலாகிக் கொடைக்கானலுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. நீங்கள் பல வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர். புதிதாக ஒன்று வாங்கியதும் உங்களுடைய பழைய 18 அங்குல ஃப்ரேம் எம்டிபியை, அதாவது மவுண்டன் பைக்கை, மனைவிக்குக் கொடுத்தீர்கள். அவர் உயரம் 5 அடி 1 அங்குலம். கடைசியாக ஓட்டியது பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள். ஏரியைச் சுற்றும் 5 கிலோமீட்டரை ஓட்டிவிடுகிறார். ஏழு ரோட்டிலிருந்து ஏரிக்கு இறங்கும் சரிவு வந்தால் மட்டும் இறங்கித் தள்ளுகிறார். கை மரத்துப்போகிறது என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை "எனக்கு இது சரிப்பட்டு வராது, நீங்க போயிட்டு வாங்க" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அதே சரிவில் தினமும் ஸ்கூட்டியில் போய்வருகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஜெல் சீட் கவர் போட்டால் போதுமா, இல்லை பேட்டரி சைக்கிளே வாங்கிவிடலாமா என்பது நீங்கள் கேட்டது.

ஸ்கூட்டி விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. சரிவைக் கண்டு பயப்படுகிறவர் ஸ்கூட்டியிலும் பயப்பட வேண்டும். ஸ்கூட்டியில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரைக்கு எட்டும். பிரேக் விரலுக்கு எட்டும், கொஞ்சம் அழுத்தினாலே பிடிக்கும். முதுகு நிமிர்ந்திருக்கும், கண் தானாக ரோட்டைப் பார்க்கும். நீங்கள் கொடுத்த சைக்கிளில் இந்த நான்கில் ஒன்றுகூட அவருக்குக் கிடைத்திருக்காது. ஆகவே ஸ்கூட்டியில் அவருக்கு இருக்கிற நிதானத்தைச் சைக்கிளில் எப்படிக் கொண்டுவருவது என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் திண்டுக்கல்லில் மாமாவின் கடையில் பஞ்சர் ஒட்டிப் பழகியவன். 19 வருடமாகக் கொடைக்கானலில் வாடகைச் சைக்கிளும் ரிப்பேரும்தான் தொழில். சீசனில் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேருக்குச் சீட்டை ஏற்றி இறக்கிக் கொடுப்பேன். அதில் பாதிப் பேர் பத்துப் பதினைந்து வருடம் கழித்துச் சைக்கிளைத் தொடுகிறவர்கள். உடம்பைப் பற்றி நான் படித்தவனில்லை. மூட்டிலோ முதுகுத்தண்டிலோ ஏற்கெனவே வலி இருந்தால் அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். சைக்கிளைப் பொறுத்தவரை எது உறுதி, எது என் அபிப்பிராயம் என்று பிரித்துச் சொல்கிறேன்.

உறுதியான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 5 அடி 1 அங்குலம் உள்ளவருக்கு 18 அங்குல ஃப்ரேம் பெரியது. 14 அல்லது 15 அங்குலம்தான் அவர் அளவு. சீட்டை அடிவரை இறக்கலாம், ஹேண்டிலைக் கிட்டே கொண்டுவரலாம், ஆனால் குறுக்குக் கம்பியின் உயரத்தையும் ஃப்ரேமின் நீளத்தையும் எந்த ஸ்பேனரும் மாற்றாது. சைக்கிளைக் கவட்டில் வைத்துக்கொண்டு, ஷூ போட்ட இரண்டு காலும் தரையில் இருக்க, அவரை நிற்கச் சொல்லிப் பாருங்கள். கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல்கடையாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால், அவசரத்தில் சீட்டிலிருந்து முன்னால் குதித்து நிற்கிற வழியே அவருக்கு இல்லை. நிற்க வழியில்லாத வண்டியில் இறக்கத்தில் யாரும் தைரியமாக உட்கார மாட்டார்கள். நீளம் குறைய வேண்டுமென்று சீட்டை முன்னால் தள்ளி வைக்கிற வழக்கம் ஒன்று உண்டு. அதைச் செய்யாதீர்கள், பாரம் முழுக்க முழங்காலுக்கும் கைக்கும் போகும்.

சின்ன ஃப்ரேம் தேடும்போது குறுக்குக் கம்பி தாழ்ந்து வளைந்த மாடலையும் பாருங்கள் என்பது என் அபிப்பிராயம். அவர் பள்ளியில் ஓட்டியது அந்த வடிவம்தான். காலைத் தூக்கிப் போடாமல் ஏறி, அப்படியே இறங்கின பழக்கம் அவர் உடம்பில் இருக்கிறது. சுடிதார், ஸ்வெட்டர், மேலே ஒரு ஜெர்க்கின் என்று இந்த ஊர்க் குளிரில் காலைப் பின்னால் சுழற்றி ஏறுவதே ஒரு வேலை. இன்னொன்றைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். சின்ன ஃப்ரேமில் பெரிய சக்கரம் போட்ட சில சைக்கிள்களில், மெதுவாகத் திரும்பும்போது ஷூ முனை முன் சக்கரத்தில் உரசும். நேராகப் போகும்போது இது தெரியவே தெரியாது. ஏரி ரோட்டில் குதிரை குறுக்கே வந்து சட்டென்று ஹேண்டிலை ஒடிக்கும்போதுதான் தெரியும். பெடலைப் படுக்கை வசத்தில் நிறுத்தி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தால் போதும். இந்த உயரத்துக்கு 26 அங்குலச் சக்கரம் ஒத்துப்போகும், 27.5 கூடப் பரவாயில்லை, 29 வேண்டாம்.

இனி பிரேக். எதில் அதிக நேரம் செலவிட வேண்டும் என்று கேட்டால் இதில்தான் என்று சொல்வேன். சில வருடத்துக்கு முன் ஒரு டீச்சர் புதுச் சைக்கிளோடு கடைக்கு வந்தார். "பிரேக்கே பிடிக்கல அண்ணே" என்றார். நான் பிடித்துப் பார்த்தேன், நன்றாகப் பிடித்தது. அப்புறம் அவரையே பிடிக்கச் சொன்னேன். பிரேக்கை எட்ட அவர் உள்ளங்கை ஹேண்டில் பிடியை விட்டு முன்னால் நகர்ந்தது. கட்டைவிரல் மேலே தூக்கிக்கொண்டது. விரல் நுனிகள் மட்டும் லீவரைத் தொட்டன, நகங்கள் வெளுத்துப்போயின. அதாவது பிரேக் பிடிக்கிற நேரத்தில் அவர் ஹேண்டிலைப் பிடித்திருக்கவே இல்லை. லீவரின் வேர்ப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். சிலவற்றில் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போடலாம், சிலவற்றில் 2 மி.மீ. எல் கீ. அதை இரண்டரைச் சுற்று உள்ளே திருகினேன். லீவர் ஒரு விரல் அகலம் கிட்டே வந்தது, கேபிள் இறுக்கத்தையும் அதற்குத் தகுந்தமாதிரி சரிசெய்தேன். ஆள்காட்டி விரலின் முதல் கணு லீவர்மேல் வந்து உட்கார்ந்தது. மூன்று நான்கு முறை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சரிவில் இறங்கிவிட்டு வந்து, "இதே பிரேக்தானா?" என்று கேட்டார். அந்தத் திருகாணிக்குக் காசே இல்லை. பெரும்பாலான சைக்கிளில் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அது இருக்கிறது.

உங்கள் மனைவியின் சைக்கிளில் செய்ய வேண்டியது இதுதான். லீவரைக் கிட்டே கொண்டுவாருங்கள். லீவர் கட்டையைத் தளர்த்தி ஹேண்டிலில் கொஞ்சம் உள்பக்கம் தள்ளுங்கள், விரல் லீவரின் நுனியில் விழ வேண்டும், நடுவில் பிடித்தால் இரட்டிப்பு பலம் தேவைப்படும். சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டினால் முன்கையும் மணிக்கட்டும் விரலும் ஒரே நேர்க்கோட்டில் லீவருக்குப் போகும்படி சாய்வை வையுங்கள். கேபிள் பழசென்றால் உள்கம்பி, வெளியுறை இரண்டையும் மாற்றிவிடுங்கள். இந்த ஊர்ப் பனியிலும் மழையிலும் உறைக்குள் துரு ஏறி, பிரேக் பிடிக்கும் பலத்தில் பாதி கம்பியை இழுப்பதிலேயே போய்விடும். புதுச் சைக்கிள் வாங்குவதாக இருந்தால், எண்ணெயில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக் உள்ளதாக வாங்குங்கள். நீங்கள் பலசாலி, உங்களுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சின்னக் கைக்கு அது வேறு உலகம். கொடுக்கிற கூடுதல் காசில் முழுப் பலனும் வரும் இடம் இது ஒன்றுதான்.

ஸ்கூட்டி ஓட்டுகிறவர்களிடம் இன்னொரு விஷயம் இருக்கிறது. எனக்கே அது தாமதமாகத்தான் உறைத்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான ஸ்கூட்டர்களில், ஏபிஎஸ் இல்லாவிட்டால், இடது லீவரைப் பிடித்தாலே முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும்படி அமைப்பு இருக்கிறது. வலது கை முறுக்குவதற்கு, இடது கை நிறுத்துவதற்கு என்று பலருக்குப் பழகிவிட்டது. அதே பழக்கத்தில் சைக்கிளில் இடது லீவரை மட்டும் பிடிப்பார்கள். அதில் ஒரு சக்கரம்தான் பிடிக்கும். அது பின் சக்கரமாக இருந்தால் இறக்கத்தில் வேகம் குறையாது, இன்னும் அழுத்தினால் பின் டயர் இழுபட்டு வழுக்கும். "பிரேக் பிடிச்சும் நிக்கல" என்ற பயம் அங்கிருந்துதான் வருகிறது. முதலில் எந்த லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்று பாருங்கள். சில சைக்கிள்கள் இடதில் முன் பிரேக்கோடு வருகின்றன. அப்படி இருந்தால் ஸ்கூட்டியைப் போலவே வலது முன், இடது பின் என்று கேபிளை மாற்றிக் கட்டுங்கள். அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழக்குங்கள். முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்று சின்ன வயதில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். உண்மையில் நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் சாய்கிறது. இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, இரண்டையும் மெல்ல மெல்ல இறுக்கினால் குப்புறத் தூக்காது. காலை ஆறரை மணிக்கு, குதிரைகளும் டூரிஸ்ட் கார்களும் வருவதற்கு முன், ஏரி ரோட்டில் ஒரு மரத்தைக் குறி வைத்து அங்கே நிற்கச் சொல்லுங்கள். இருபது முறை. அந்த இருபது முறையும் வேறு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

சீட்டின் உயரத்தில் நான் செய்த தவறைச் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். என் மனைவிக்கு முதல் சைக்கிள் கட்டியபோது அளவெல்லாம் படித்திருந்தேன். காலின் உள்பக்க நீளத்தை 0.883ஆல் பெருக்கினால் கிராங்க் மையத்திலிருந்து (பெடல் கட்டைகள் சுழலும் அச்சு) சீட் மேல்பரப்பு வரை எவ்வளவு உயரம் என்று வரும். அந்தக் கணக்குப்படி மி.மீ. சுத்தமாக வைத்தேன். மிதிக்க நன்றாகத்தான் இருந்தது. பாம்பார்புரம் ரோட்டில் எதிரே ஜீப் வர, அவள் இடது ஓரமாக நின்றாள். மலை ரோட்டின் ஓரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், தார் விளிம்பு முடிந்ததும் மண் நாலு அங்குலம் கீழே இருக்கும். தட்டையான இடத்தில் எட்டுகிற கால் விரல் அங்கே எட்டவில்லை. நின்ற நிலையில் அப்படியே சாய்ந்து காய்கறிப் பாத்தியில் விழுந்தாள். மணிக்கட்டு வீங்கியது. அடி பெரிதில்லை, ஆனால் எட்டு மாதம் சைக்கிளைத் தொடவில்லை. கணக்கில் பிழையில்லை. நன்றாக ஓட்டுகிறவருக்கான கணக்கை, நிற்கத் தெரிய வேண்டிய கட்டத்தில் இருந்தவளுக்கு வைத்தது என் பிழை.

ஆகவே இப்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறேன். முதல் இரண்டு வாரம் சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் முக்கால்வாசி பதியும் அளவுக்கு இறக்கி வைப்பேன். மிதிப்பதற்கு அது சரியான உயரமில்லை, தெரிந்தேதான் செய்கிறேன். ஏரியைச் சுற்றும் சமதளத்தில் அதனால் கெடுதல் இல்லை. சரியான உயரத்தைக் கண்டுபிடித்து சீட் கம்பியில் கறுப்பு டேப் ஒட்டி வைத்துவிடுவேன். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது லேசான மடிப்பு தானாக வந்துவிடும். அந்த டேப்பை நோக்கி ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டர், அதுவும் அவர் "ஏத்தலாம்" என்று சொன்னால் மட்டும். ஏற்றாமலே விட்டுவிடவும் கூடாது. தாழ்ந்த சீட்டோடு நீண்ட ஏற்றம் மிதித்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், இது உறுதி. பழகின பிறகும் இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று, சீட் கிளாம்ப்பின் நெம்பை, அதாவது கையால் திறக்கும் பிடியைத் திறந்து நாலு விரல்கடை இறக்கிவிட்டு இறங்கலாம். பட்டனை அழுத்தினால் இறங்கும் சீட் கம்பியும் கிடைக்கிறது, ஆனால் விலை அதிகம். நெம்பே அந்த வேலையைச் செய்கிறது.

கை மரத்துப்போவதற்குக் கையில் காரணம் தேடாதீர்கள். உடம்பின் பாரம் கைக்குப் போகிறது, அவ்வளவுதான். ஃப்ரேம் நீளம், ஹேண்டில் தாழ்வு, இல்லையென்றால் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருப்பது, இந்த மூன்றில் ஒன்று அல்லது மூன்றும். சீட்டின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து மட்டம் பாருங்கள். மூக்கு ஒரு நூல் சாய்ந்திருக்கலாம், அதற்கு மேல் கூடாது. எம்டிபியில் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம் 90 மி.மீ. போல இருக்கும். 50 அல்லது 60 மி.மீ. நீளமுள்ள, மேல்நோக்கிச் சாய்ந்த ஸ்டெம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஹேண்டில் அகலம் அவர் தோளுக்கு மிஞ்சியிருந்தால் இரண்டு பக்கமும் சமமாக அறுத்துவிடலாம். அறுப்பதற்கு முன் பிடிகளை உள்ளே தள்ளிவைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அறுத்ததை ஒட்ட முடியாது. உள்ளங்கைக்கு இறக்கை போல விரிந்த ரப்பர் பிடி போட்டால் இன்னும் நல்லது. டூர் ஆஃப் நீல்கிரிஸ் என்ற நீண்ட தூரச் சைக்கிள் பயணம் 2008லிருந்து நடக்கிறது, அதில் போகிறவர்களைப் பார்த்துவிட்டு முதுகை வளைத்து ஓட்டுவதுதான் சரி என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் காற்றைக் கிழித்துப் போக அப்படிக் குனிகிறார்கள். உங்கள் மனைவிக்கு ரோட்டையும் பின்னால் வரும் பஸ்ஸையும் பார்க்க வேண்டும், நிமிர்ந்தே உட்காரட்டும்.

ஜெல் கவர் வேண்டாம். கையால் அழுத்தினால் சுகமாகத்தான் இருக்கும். அரைமணி நேரம் உட்கார்ந்தால் உட்காரும் எலும்பு இரண்டும் அதில் புதைந்து, நடுவில் இருக்கும் மென்மையான பகுதியில் பாரம் ஏறும். தேவை மெத்தை இல்லை, அகலம். ஒரு ஸ்டூலில் அட்டைப்பெட்டியின் நெளிவு அட்டையைப் போட்டு, பாதத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி விழும். குழிகளின் மையத்துக்கு மையம் அளந்து, 20 முதல் 30 மி.மீ. கூட்டினால் சீட்டின் அகலம் வரும். நிமிர்ந்து உட்காருகிறவருக்கு அதிகப் பக்கமே கூட்டுங்கள். பெண்களுக்குப் பொதுவாக இந்த அளவு ஆண்களைவிட அதிகம், நீங்கள் ஓட்டிய சீட் அவருக்குப் பொருந்தாததில் ஆச்சரியமில்லை. முதல் ஒன்றிரண்டு வாரம் எலும்பு படும் இடத்தில் வலி வந்து தானே போய்விடும். மரத்துப்போனால் அது வேறு, உடனே சீட்டை மாற்ற வேண்டும். அவர் இதை உங்களிடம்கூடச் சொல்லக் கூச்சப்படலாம், நீங்களே கேளுங்கள். அளவு சொன்னாலும் எந்த சீட் அவருக்குச் சரியாகும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். இத்தனை வருடத்தில் இந்த ஒன்றில் மட்டும் என் கணிப்பு அடிக்கடி தவறியிருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள்.

கியருக்கு வருவோம். ஊட்டி ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் போட்ட பாதையில்தான் ஏறுகிறது. அங்கே ஏற்றம் 12 அடிக்கு ஓர் அடி. இன்ஜினுக்கே பல் தேவைப்படுகிற அந்தச் சாய்வுக்குக் குறையாத ஏற்றங்கள் நம் ஊர்த் தெருக்களில் சாதாரணமாக இருக்கின்றன. உங்கள் பழைய எம்டிபியில் முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 24 பல், பின்னால் பெரியதில் 28 பல் என்றுதான் இருக்கும், எண்ணிப் பாருங்கள். அந்தக் கியரில் ஒரு சுற்று மிதித்தால் 26 அங்குலச் சக்கரம் சுமார் 1.75 மீட்டர் போகும். பின்னால் 14-34 ஃப்ரீவீல் (14 பல்லிலிருந்து 34 பல் வரை உள்ள பல்சக்கர அடுக்கு) போட்டால் அது சுமார் 1.45 மீட்டராகக் குறையும், கால் பாரம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறையும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்சம், நடக்கிற வேகம்தான். பரவாயில்லை, தடுமாறாமல் ஏறுகிறார் அல்லவா? பின் டீரெய்லர் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பாகம்) 34 பல் வரை தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டு, செயின் நீளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்கும்போது முன்னால் ஒரே சக்கரம் உள்ள மாடல் நல்லது என்பது என் அபிப்பிராயம், உறுதி என்று சொல்ல மாட்டேன். மூன்று உள்ளதில் ஏற்றம் எளிதாக இருக்கும், ஆனால் எந்தக் கை எதற்கு என்று குழம்பி ஏற்றத்தின் நடுவில் செயினைத் தொங்க விட்டுவிடுவார்கள். இருக்கிற மூன்றில் பழக வேண்டுமென்றால், ஏற்றம் தொடங்கும் முன்பே இடது கியரை 1இல் போட்டுவிட்டு வலதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

டயர் 1.95 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பங்க்கில் கல் மாதிரி காற்று அடித்துவிடுவார்கள், அப்புறம் ஒவ்வொரு சின்னக் கல்லின் அதிர்வும் கைக்கு வரும். 50 கிலோ எடைக்கு 30லிருந்து 35 பி.எஸ்.ஐ. போதும், முன்னால் இரண்டு குறைவாக, டயரில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல். பெடல் அகலமாக, சொரசொரப்பாக இருக்க வேண்டும். செருப்போடு வேண்டாம். இரண்டு கிலோ எடை குறைந்த சைக்கிளுக்குப் பல ஆயிரம் கூடக் கொடுக்க வேண்டியதில்லை, அந்தப் பணத்தை பிரேக்கில் போடுங்கள்.

பேட்டரி சைக்கிளைப் பற்றி. மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். ஏற்றத்தில் மூச்சு வாங்குவதுதான் அவர் பிரச்சினை என்றால் அது நல்ல தீர்வு, வில்பட்டி வரை இறங்கிவிட்டுத் திரும்பி ஏறி வரலாம். அவர் பயம் இறக்கத்தில். பேட்டரி சைக்கிள் இறக்கத்தில் எதையும் மாற்றாது, எடை கூடியிருப்பதால் நிறுத்துவது இன்னும் கடினம். சக்கரத்தின் நடுவில் மோட்டார் உள்ள மாடல்கள் நீண்ட ஏற்றத்தில் சூடாகிச் சோர்ந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். பட்டியலில் போட்டிருக்கும் தூரம் சமதளத்துக்கானது, மலையில் அவ்வளவு வராது. பிரேக்கும் உயரமும் சரியாகி, ஆறு மாதம் கழித்து ஏற்றம் மட்டும் மிச்சமிருந்தால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

இந்த ஊருக்கான சில விஷயங்கள். குளிரில் விரல் விறைத்தால் பிரேக் பிடிக்கும் பலம் குறையும், மெல்லிய முழுவிரல் கையுறை வாங்கிக்கொடுங்கள். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிடும், பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். பைன் காட்டு ஓரங்களில் ஊசியிலை படிந்த ரோடு ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும், அங்கே திருப்பும்போது பிரேக் பிடிக்கக் கூடாது, திருப்பத்துக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் மழையில் முதல் ஒன்றிரண்டு சுற்று பிடிக்காது, கட்டை தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும், இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காட்டெருமை நின்றால் மணி அடிக்காமல் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். வத்தலக்குண்டு காட் ரோட்டை இந்த வருடம் நினைக்க வேண்டாம். அவ்வளவு நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தே வந்தால் ரிம்மும் டிஸ்க்கும் சூடேறும், கையும் ஓய்ந்துவிடும். விட்டு விட்டு அழுத்தமாகப் பிடிக்கப் பழகிய பிறகு போகலாம்.

சேர்ந்து போகும்போது ஏற்றத்தில் அவர் முன்னால் போகட்டும், வேகத்தை அவர் வைக்கட்டும். பின்னால் ஒட்டிக்கொண்டு வராதீர்கள், அது துரத்துகிற மாதிரி இருக்கும். இறக்கத்தில் நீங்கள் முன்னால் போங்கள், அவர் வேகத்தில். நீங்கள் எங்கே பிரேக் பிடிக்கிறீர்கள், ரோட்டின் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று பார்த்து அவர் வருவார். வழியெல்லாம் "கியர் மாத்து, கியர் மாத்து" என்று சொல்லாதீர்கள். என் மனைவி எட்டு மாதத்துக்குப் பிறகு திரும்ப ஓட்டியது என்னோடு இல்லை, பக்கத்து வீட்டு அக்காவோடு. அவர்கள் இரண்டு பேரும் ஏரியைச் சுற்றிவிட்டு, மக்காச்சோளம் வாங்கித் தின்றுவிட்டு வந்தார்கள். அதன் பிறகுதான் என்னோடு பூம்பாறை வரை வந்தாள். கோபப்படாமல் அப்படி ஒரு துணை கிடைத்தால் விட்டுக்கொடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஒரு வேலை செய்யுங்கள். பழைய சைக்கிளையே நிறுத்தி, எல் கீயை அவர் கையில் கொடுத்து, அந்தப் பிரேக் திருகாணியை அவரையே திருகச் சொல்லுங்கள். எவ்வளவு கிட்டே வர வேண்டும் என்று அவர் விரல் சொல்லும், நீங்கள் சொல்ல வேண்டாம். சீட்டை அடிவரை இறக்குங்கள். அப்புறம் வெறுங்காலோடு அவர் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்க, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கவட்டில் மட்டமாக வைத்து, அதன் மேல் விளிம்பில் சுவரில் பென்சில் கோடு போட்டுத் தரையிலிருந்து அளந்து எழுதுங்கள். அந்த அளவும், பார்த்து வைத்திருக்கும் சைக்கிள்களின் பெயரும் கிடைத்தால், எது அவருக்கு ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.